வாளியில் சிவப்புத் தூள்

1

இது என் கற்பனையில் பிறந்த கதை இல்லை. அக்கா ஒரு வேலை சொன்னாள், செய்தேன். அதிலிருந்து வந்தது. செய்யாமல் இருந்திருந்தால் எழுதவும் வேண்டியிருந்திருக்காது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மரத்தூள் எதையும் மறப்பதில்லை, அது...'

(அடித்துவிட்டேன். அழகாக இருந்தது, அதனால்.)

2

அத்தான் தச்சர். வீட்டுக்குப் பின்னால் பட்டறை. இரண்டு வருடமாக விடாத இருமல். "தூசிய விடுங்க, இல்ல தொழில விடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டறையில் தூசி இழுக்கும் வேக்குவம் அரைமணி ஓடினாலே ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அதற்குத்தான் அக்கா என்னை மாட்டச் சொன்ன இந்தக் கூம்பு: புனல் போன்ற பிளாஸ்டிக் சாமான், வாளி மூடிமேல் உட்காரும். தூசிக்காற்று அதற்குள் சுழலும். தூள் வாளியில் விழும். காற்று மட்டும் வேக்குவத்துக்குப் போகும்.

மூடியில் ஓட்டை போட்டேன். ரப்பர் வளையம் வைத்துத் திருகினேன். ஓரமெல்லாம் சிலிக்கான் பூசினேன். (துளிக் கசிவும் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. வெளியிலிருந்து எதுவும் வாளிக்குள் போயிருக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.)

அன்று சாயங்காலம் அத்தான் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தார். புதுசு போலிருந்தது.

"இன்னிக்குத்தான் மாப்ள நெஞ்சு நெறைய மூச்சு விட்டிருக்கேன்."

3

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள்.

"வாளியில செவப்பா தூள் கெடக்குடா."

"செவப்பு மரம் அறுத்திருப்பாரு."

"ஒம்போது வருஷமா பட்டறைக்குள்ள செவப்பு மரமே வரல. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதைக் கடைசியாக அறுத்தவர் அத்தானின் அண்ணன். (இரண்டு வரைவுகளில் இவரை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன். கதை நகரவில்லை.) பட்டறை இருவருக்கும் பொதுவாக இருந்தது. தூசி இழுக்க ஒரு மெஷின் வாங்கலாம் என்று அண்ணன் ஒருநாள் கேட்டார். "தூசிக்குப் பயந்தவன் எதுக்கு உளியப் புடிக்கணும்?" என்று அத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. நுரையீரல் கெட்டு, போய்ச் சேர்ந்தார்.

4

நான் போனபோது பட்டப்பகல். அறுக்க மரம் எதுவும் இல்லை. வேக்குவம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் நின்று வேலை செய்த இடத்தில், வெறும் காற்றில், அத்தான் குழாயை நீட்டிப் பிடித்திருந்தார். கூம்புக்குள் சிவப்பாகச் சுழன்றது.

"நீதானடா மாட்டின, நீயே கழட்டு" என்றாள் அக்கா, உள்ளே வராமல்.

"கழட்டாத மாப்ள. இன்னும் கொஞ்சந்தான் பாக்கி."

"என்ன பாக்கி அத்தான்?"

"அண்ணன் உள்ள இழுத்தது."

சந்தை விலை சொல்வதுபோலச் சொன்னார்.

5

இந்த இடத்தில் அத்தான்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. மனசு உறுத்தினால் மனிதன் எதுவும் செய்வான். தூளை அவரே கொண்டுவந்து போட்டிருக்கலாம். அவரை வெளியே உட்கார வைத்தேன். வாளியைக் கழுவித் துடைத்து, மூடி, பத்து நிமிஷம் நானே ஓட்டினேன்.

கால் வாளி சிவப்புத் தூள். தொட்டுப் பார்த்தேன். ஈரமாக, இளஞ்சூடாக இருந்தது.

கூம்பைக் கழற்றாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். (ஏன் என்று விளக்கி ஒரு பத்தி எழுதினேன். எல்லாம் சாக்கு.)

6

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் தூள் நிற்கிறது, அத்தான் தம்பியாக ஒருமுறை அழுகிறார். மற்றதில் அக்கா வாளியை உடைத்து...

சற்றுமுன் அக்கா போன் செய்தாள்.

"செவப்பு நின்னுடுச்சுடா."

"நல்லதுதானே."

"இப்ப குழாயத் தன் நெஞ்சுமேல வச்சிட்டு உக்காந்திருக்காரு. வாளியில சாம்பல் நெறத்துல விழுது. இருமலே இல்ல. முகம் அவ்ளோ தெளிவா இருக்கு. ஆனா கூப்பிட்டா, யாரோ கூப்பிடுற மாதிரி பாக்குறாரு."

பின்னால் வேக்குவத்தின் சத்தம்.

"சுவிட்ச அமத்தவா, வேணாமா? சொல்லுடா."

தூசி எது, அத்தான் எது என்று கூம்புக்குப் பிரிக்கத் தெரியுமா? மாட்டியவன் நான், எனக்குத் தெரியவில்லை. அக்கா இன்னும் லைனில் இருக்கிறாள். போனை உங்களிடம் தருகிறேன். சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள்.