செவந்திக்கு வரவேண்டிய கோடி

1

இந்தக் கதை எனக்கு ஒரு சாவு வீட்டில் கிடைத்தது. கிடைத்தது என்று எழுதவே கூசுகிறது. போன மாசியில், ஆலங்குடியில் பள்ளி டீச்சரான நான் மாடியில் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அய்யாக்கண்ணுவின் மனைவி செவந்தி இறந்துபோனார். அன்று காலை அய்யாக்கண்ணுவை என் காரில் நார்த்தாமலைப் பக்கம் கூட்டிப்போனேன். போகிற வழியில் அவர் சொன்னதும், போன இடத்தில் நான் பார்த்ததும்தான் கதை.

முதலில் எழுதிய தொடக்கம் இது: 'தந்திக்காரப் பையனின் சைக்கிள் ஊருக்குள் நுழைந்ததும் நாய்கள்கூட வாயை மூடிக்கொண்டு'

வேண்டாம். நாய்கள் குரைத்துத் துரத்தியதாகத்தான் அவர் சொன்னார்.

2

மீசை அரும்பாத வயதில் அய்யாக்கண்ணு கீரனூரில் தந்தி கொண்டுபோகும் வேலையில் சேர்ந்தார். காக்கிச் சட்டையைக் கண்டாலே பெண்கள் வயிற்றில் அடித்துக்கொள்வார்கள். பிரித்துப் பார்த்தால் பிள்ளை பிறந்த சேதியாக இருக்கும். அழுததற்கும் சேர்த்து அவரைத்தான் திட்டுவார்கள்.

நார்த்தாமலைக்குப் பக்கத்து ஊரில் ராசாத்தி, செவந்தி என்று அக்கா தங்கை. தாய் தகப்பன் இல்லை. அண்ணன் கண்ணுசாமி வடக்கே லாரி ஓட்டினான். ஒருநாள் அய்யாக்கண்ணு கொண்டுபோன தந்தியில் கண்ணுசாமி விபத்தில் இறந்துவிட்டதாகவும், அங்கேயே எரித்துவிட்டதாகவும் இருந்தது. இருவருக்கும் படிக்கத் தெரியாது. அவர்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. ராசாத்தி சைக்கிளைப் பிடித்துத் தள்ளினார். செவந்தி அசையவே இல்லை.

மறுவாரம் சந்தை நாளில் செவந்தி கீரனூர் தந்தி ஆபீசுக்கு வந்து நின்றார்.

"தப்பா வந்திருக்கலாம்ல? இன்னொருக்காப் பாருங்க."

பார்த்தார். தப்பில்லை என்றார். அடுத்த சந்தைக்கும் வந்தார். அதற்கடுத்ததற்கும்.

[இந்த இடத்தில், 'துக்கத்தின் வாசலில் காதல்' என்று தொடங்கும் ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன். "காதலெல்லாம் இல்ல டீச்சர். அவளுக்கு எல்லாரும் ஆறுதல் சொன்னாங்க. நான் மட்டுந்தான் திரும்பத் திரும்ப நெசத்தச் சொன்னேன்" என்றார் அய்யாக்கண்ணு. இதைவிட நன்றாக எனக்கு எழுத வராது.]

கல்யாணம் என்று பேச்சு வந்தபோது ராசாத்தி தங்கையைப் பார்த்துக் கேட்டாராம்: "எங்கண்ணன் செத்தான்னு சொன்ன வாயி அது. அதுக்கு நீ சோறாக்கிப் போடப் போறியா?"

கல்யாணம் நடந்தது. அன்றோடு அக்கா தங்கைக்குள் போக்குவரத்து நின்றது. தந்தி நின்று, அய்யாக்கண்ணு ஓய்வு பெற்று, பிள்ளையில்லாத அந்த வீட்டில் இரண்டு பேரும் கிழடானார்கள். ராசாத்தி வரவில்லை.

3

கோடி பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பெண் இறந்தால், பிறந்த வீட்டார் கொண்டுவரும் புதுச்சேலையைப் போர்த்தித்தான் எடுப்பார்கள். அதுதான் கோடி. செவந்தியின் பிறந்த வீட்டில் மிச்சமிருப்பது ராசாத்தி ஒருவர்தான்.

"பொணத்தப் போட்டுட்டுப் புருசங்காரன் போவானா? போன்ல சொல்லலாம்" என்றார்கள் உறவுக்காரர்கள்.

"இத யாரோ சொல்லக் கூடாது" என்று அய்யாக்கண்ணு என் காரில் ஏறினார்.

4

ராசாத்தி முற்றத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அய்யாக்கண்ணு இறங்கி நடந்தார். பாதி வழியிலேயே ராசாத்திக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.

"இன்னைக்கு யாரு?"

எத்தனையோ வாசல்களில் சொன்னவர் அன்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், மறுபடி நகர்த்தி வைத்தார். நான் சொல்லிவிடலாமா என்று ஓர் அடி வைத்தேன். கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"செவந்தி" என்றார்.

ராசாத்தியின் கை புளியிலேயே இருந்தது. "கடைசியா என்ன சாப்புட்டா?" என்று கேட்டார்.

"இட்லி. பாதி வச்சுட்டா."

"சின்னதுலயும் அப்பிடித்தான். மிச்சத்த நாந்தான் திம்பேன்."

"மூணு மணிக்கு எடுக்குறோம்" என்று சொல்லிவிட்டு அய்யாக்கண்ணு திரும்பினார். கோடி என்ற சொல்லை அவர் எடுக்கவே இல்லை. ராசாத்தியும் எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருந்து கூட்டிட்டுப் போயிரலாமே?" என்றேன்.

"வண்டிய எடுங்க. சேதி சொன்னவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு அவுக எப்பிடி அழுவாக?"

5

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் ராசாத்தி கோடியோடு வருகிறார். மற்றொன்றில் மூன்று மணி தாண்டியும் யாரும் வரவில்லை. கடையில் வாங்கிய சேலையை ஊர்க்காரர் ஒருவர் போர்த்துகிறார். இரண்டில் ஒன்றுதான் நடந்தது. நான் அங்கே இருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்தபின் அய்யாக்கண்ணுவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும், "இதோட விட்டுருங்க டீச்சர்" என்றார்.

"வந்தாங்களா இல்லையான்னு படிக்கிறவங்க கேப்பாங்களே?"

"எத்தன வீட்டுக்குப் போயிருக்கேன்! குடுத்துட்டுத் திரும்பிருவேன். அப்பறம் அங்க யாரு எந்திரிச்சா, யாரு விழுந்தான்னு எனக்கு ஒருத்தரும் சொன்னதில்ல. அவுக வந்திருந்தா, அது அக்கா தங்கச்சிக்குள்ள. வரலேன்னாலும் அப்பிடித்தான்."

கீழே இறங்கிப் போய்விட்டார். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.

ஆகவே இப்போது மூன்று மணி ஆகப்போகிறது. செவந்தியைக் குளிப்பாட்டி, தலைவாரி, வாசலில் கிடத்தியிருக்கிறார்கள். கொட்டுக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். அய்யாக்கண்ணு தலையைக் குனிந்திருக்கிறார். தெருமுனையை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.