ஆறாவது காகிதக் கத்தி

மூன்று மணிக்குப் பாலிஷ்காரி அந்தப் பட்டறையை விட்டு ஒரேயடியாகப் போவதாக இருந்தாள். அரக்கு பாட்டில்கள், மெழுகு டப்பா, உப்புத்தாள் கட்டு எல்லாம் ஏற்கெனவே ஒரு மரப்பெட்டியில் ஏறிவிட்டன. பாக்கி இருந்தது ஒன்றுதான், அண்ணனிடம் சொல்வது.

அண்ணனுக்கு வீட்டில் வைத்த பெயர் எதிர்க்கட்சி. தொட்டிலில் கிடந்தபோதே தூங்கு என்றால் விழிப்பானாம். அடுப்பைத் தொடாதே என்று அம்மா சொன்ன ஒரே காரணத்தால் அவன் இடது கையில் இன்றைக்கும் தழும்பு இருக்கிறது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள், அவன் தோள் அகன்ற பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். போன மாதம் பக்கத்துத் தெரு ஃபிரேம் கடைக்காரர் வந்து, "உங்க தங்கச்சி எங்க கடையில வேலை செய்யட்டும், தடுக்காதீங்க" என்று மரியாதையாகத்தான் கேட்டார். எதிர்க்கட்சி அவர் விரல்களை, மரத்தை இறுக்கிப் பிடிக்கிற வைஸில் வைத்துத் திருகினான். இரண்டு விரல் நொறுங்கிய சத்தம் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

இவ்வளவு பொல்லாதவன் செய்கிற சாமான்களைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். மேசைமேல் வைக்கிற பேனா தாங்கி, விசிட்டிங் கார்டுக்கான குட்டித் தட்டு, தாள் பறக்காமலிருக்க வைக்கிற கட்டை, கடித உறை பிரிக்கிற காகிதக் கத்தி. அவன் வெட்டிச் செதுக்குவான். அவள் தேய்த்து, எண்ணெய் ஊட்டி, மெருகேற்றுவாள். அவள் கைபட்ட சாமானுக்குத்தான் மவுசு. அது அவனுக்கும் தெரியும். அதனால்தான் அவளை விடமாட்டான்.

இந்த வாரம் ஆறு கருங்காலிக் கத்திகள், பிடியிலிருந்து நுனிவரை ஒரே மரம். ஆறாவதில், பிடியும் அலகும் சேருகிற இடத்தில் குறுக்கே ஒரு விரிசல்.

"இதைத் தூக்கிப் போட்டுடலாம்ணா. கொஞ்சம் அழுத்தினாலே பட்டுன்னு போயிடும்" என்றாள்.

எதிர்க்கட்சி அவள் பின்னந்தலையைப் பிடித்து மேசையில் ஒரு மோது மோதினான். மூக்கில் ரத்தம் வடிய வடிய, அவள் அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து விரிசலில் அடைத்தாள். நான்கு வகை உப்புத்தாளில் தேய்த்து மெழுகு போட்டாள். ஆத்திரத்தில் செய்த வேலையோ என்னவோ, அப்படி அமைந்துவிட்டது. ஆறையும் தட்டில் அடுக்கியபோது செதுக்கியவனுக்கே அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரியும். வலது கோடியில் வைத்திருந்தாள்.

இரண்டரை மணிக்கு வாயைத் திறந்தாள். "அண்ணா, நான் கிளம்புறேன். இனிமே வரமாட்டேன்."

"எங்க?"

"ஃபிரேம் கடைக்கு."

உளியைத் தன் மேசையில் வைத்துவிட்டு எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டான். முதல் அடி காதோரம் விழுந்தது. இரண்டாவது அடியில் அவள் பெட்டிமேல் சரிய, ஒரு பாட்டில் உடைந்து தரையெல்லாம் அரக்கு ஓடியது. தலைமுடியைச் சுற்றிப் பிடித்துத் தூக்கி, அவளுடைய மேசையிலேயே மல்லாத்தினான்.

"என்னை விட்டுப் போறதுன்னா பொணமாத்தான் போவே."

அவன் கை கத்தித் தட்டைத் துழாவி, மூன்றாவது கத்தியில் விழுந்தது. அது நல்ல கத்தி. அவள் கட்டியிருந்த தடித்த தோல் ஏப்ரனெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நுனியைக் கூராக்கியவளே அவள்தானே. அவளுக்குச் சாக விருப்பமில்லை. அவன் கையால் சாக சுத்தமாக விருப்பமில்லை.

"ஐயோ, கோடியில இருக்கறதை மட்டும் எடுத்துடாதண்ணா! ஆறுல அதுதான் உறுதி!"

கை நகர்ந்தது. நகராமல் எப்படி இருக்கும்? நாற்பது வருஷப் பழக்கம்.

முழு பலத்தோடு இறக்கினான். நுனி தோலைத் துளைத்து அவள் விலாவில் இறங்கி நெருப்பாக எரிந்தது. அதே நொடி, அடைத்து வைத்த விரிசல் விட்டுக்கொடுத்தது. பிடி முறிந்து தெறித்தது. வேகத்தை நிறுத்த முடியாத அவன் கை, ஏப்ரனில் குத்திட்டு நின்ற அலகின் முறிந்த முனைமேல் இறங்கியது. முனை உள்ளங்கையைக் கிழித்து, மணிக்கட்டில் ஏறி, மறுபக்கம் கறுப்பாக எட்டிப் பார்த்தது. அலறிக்கொண்டு பின்வாங்கினான். அலகும் அவளை விட்டு அவனோடு போனது.

அரக்குத் தரையில் பொத்தென்று உட்கார்ந்தான். அவள் விலாவை அழுத்தியபடி எழுந்து நின்று அந்தக் கையைப் பார்த்தாள். ரத்தம் அதிகம் வரவில்லை. மரமே அடைப்பாக நின்றது.

"அதைப் பிடுங்காத. டாக்டர் பார்க்கிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். பிடுங்கினா ரத்தம் நிக்காது" என்றாள்.

இந்தத் தடவை அவள் சொன்னது சத்தியமான உண்மை. அவன் என்ன செய்வான் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள், அதை மறைப்பானேன்.

"நீ யாருடி எனக்குச் சொல்ல?" பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினான்.

ரத்தம் பீய்ச்சியடித்தது. பேனா தாங்கிகள், கார்டு தட்டுகள், மீதி ஐந்து கத்திகள் எல்லாம் நனைந்தன. நன்றாக மெழுகு போட்ட மரம், அதனால் ரத்தம் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு வழிந்தது. எதிர்க்கட்சியின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

"இப்ப என்ன பண்ணட்டும்?"

பிறந்ததிலிருந்து அவன் அவளிடம் கேட்காத கேள்வி. பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். அவள் நாக்கு நுனிவரை அது வந்துவிட்டுப் போனது.

"கையை மேல தூக்கு. இன்னொரு கையால இறுக்கிப் பிடி. விடாத."

தூக்கினான். இறுக்கிப் பிடித்தான். விடவில்லை.

அவள் தாழ்ப்பாளைத் திறந்து, எதிர்வரிசை பைண்டிங் கடையைப் பார்த்து, "சீக்கிரம் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!" என்று கத்தினாள். பிறகு உள்ளே வந்து, அரக்கு சொட்டுகிற பெட்டியைக் காயம் படாத பக்கமாக இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"போகாத" என்றான் எதிர்க்கட்சி, கையைத் தூக்கியபடியே. "போகாதம்மா."

அவளும் அதே வீட்டில் பிறந்தவள்தானே. போனாள்.