கண்ணாடிக்குள் ஒரு கட்டைவிரல்

எங்கள் குடும்பத்தில் எவனும் பிறர் பொருளைத் தொட்டதில்லை. அதைச் சொல்லத்தான் விருதுநகர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன். மீட்டரைத் திறந்து மின்சாரம் திருடினோம் என்று மின்வாரியம் எழுதியது பொய் என நீதிமன்றம் அறிவிக்க வேண்டும். அபராதத்தைக் கட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் திருடன் என்ற பெயர் நின்றுவிடும்.

தேவாலயச் சபைக்கு நான் செயலர். சிவகாசியில் எங்கள் தெரு சிரித்தது. "ஏலே, சபைச் செயலர் ராஜசிங் வீட்டுல கோயிலுக்குத்தான் காணிக்கையாம்லே, கரண்டுக்குக் கெடையாதாம்" என்று பாண்டிச்செல்வம் டீக்கடையில் என் காதுபடச் சொன்னான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

என் மகன் ஜெயசுந்தர் மட்டும், "கட்டிருவோம்ப்பா. கேஸு எதுக்கு?" என்றான். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலையில் மருந்து கலப்பவன் அவன். சீசனில் வீட்டுப் பின்கட்டில் காகிதக் குழாய் சுற்றும் மோட்டாரும் ஓட்டுவான். முன்பு ஒரு விபத்தில் வலது கட்டைவிரலின் நுனி சாய்வாக வெட்டுப்பட்டுப் போயிருந்தது. கோழை என்று அவனைத் திட்டினேன்.

விசாரணையன்று எங்கள் வக்கீல் சீனிவாசகம் உற்சாகமாக இருந்தார். "கவலைப்படாதீக ஐயா. மீட்டரைக் கழத்துனப்போ உங்க முன்னால சீல் வைக்கல. நடுவுல யாரு வேணும்னாலும் தெறந்திருக்கலாம். தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க, ஜெயிச்சுரலாம்."

கூண்டில் ஏறினேன். வாரியத்தின் வக்கீல் மீட்டரை என்னிடம் நீட்டினார்.

"இது உங்கள் வீட்டு மீட்டரா?"

எண்ணைப் பார்க்க மீட்டரின் மூடிக் கண்ணாடியைச் சாய்த்தேன். அதன் உட்புறத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு கறை.

"அது ஏதோ பெயின்ட். எண்ணைப் பாருங்கள்" என்றார் அவர். வெளியூர்க்காரர்.

பெயின்ட் இல்லை, பட்டாசு மருந்தில் சேர்க்கும் அலுமினியத் தூள். மருந்து கலப்பவன் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் விரலைவிட்டுப் போகாது. அந்தக் கறை ஒரு கட்டைவிரலின் தடம். நுனி சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது.

பின்வரிசையைப் பார்த்தேன். ஜெயசுந்தர் வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"எங்க வீட்டு மீட்டர்தான்" என்றேன். "தெறந்ததும் எங்க வீட்டு ஆளுதான். இது என் மகன் விரலு."

வெளியே வந்ததும் சீனிவாசகம் வெடித்தார். "கைக்கு வந்த கேஸை விட்டுட்டீகளே ஐயா!"

"பொய் சொல்லி வாங்குற பேரு எனக்கு எதுக்கு வக்கீலய்யா?"

பேருந்து நிறுத்தத்தில் ஜெயசுந்தர் தள்ளி நின்றான். கூப்பிட்டேன்.

"ஞாயித்துக்கெழமை கோயிலுக்கு வா. முன் பெஞ்சுல, எம்பக்கத்துல உக்காரணும்."

"எல்லாரும் பாப்பாகப்பா."

"பாக்கட்டும்."