பண்ணையாருக்கு வேண்டிய வியாதி

எனக்கு முன்கோபம் அதிகம். வரதராஜன்பேட்டையில் எங்கள் வீட்டார் அதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னை அரியலூருக்கு அனுப்பினார்கள். "இன்னாசிமேரி, டாக்டர்கிட்ட வாயாடாத. ஒரு வருஷம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு" என்றார் அப்பா. பதினோரு மாதம் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். பன்னிரண்டாம் மாதம் பண்ணையார் வந்து சேர்ந்தார்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த 1944ஆம் வருஷம். டாக்டர் அமிர்தசாமியின் சின்ன ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் இடத்துக்குப் பின்னால் இருந்த இருட்டறைதான் லேப். ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு அலமாரி நிறையக் கண்ணாடிக் குழாய்கள். ரத்தம், சளி, மூத்திரம், மலம் இந்த நாலோடும்தான் என் குடித்தனம். பயிற்சி முடிந்ததும் டாக்டர் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுவார். அதைக் காட்டினால் திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. கையெழுத்து விழாவிட்டால் சித்தப்பாவின் தோப்பில் முந்திரிக்கொட்டை பொறுக்க வேண்டியதுதான்.

வாலிகண்டபுரத்துப் பண்ணையார் அழகேசன் எங்கள் ஆஸ்பத்திரிக் கூரைக்கு ஓடு போட்டுக் கொடுத்தவர். அதனால் மழை பெய்யும்போதெல்லாம் நாங்கள் அவரை நன்றியோடு நினைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"தல சுத்துது. நாலு அடி வச்சா மூச்சு வாங்குது. எங்க சம்பந்திக்கு இருக்கிற அதே சக்கரை வியாதிதான். சும்மா பாத்து எழுதிக் குடு" என்றார்.

பெரம்பலூரில் இருந்த அவருடைய சம்பந்திக்குப் போன வருஷம் சர்க்கரை வியாதி வந்திருந்தது. அன்று முதல் அவருக்குத் தனி அடுப்பு, கோதுமை ரொட்டி. கல்யாணப் பந்தியில் "எனக்குப் பாயசம் ஆகாது" என்று அவர் இலையை மறைத்தால் வரிசையே திரும்பிப் பார்க்குமாம். அது வசதி உள்ளவர்களுக்கு வரும் வியாதி என்று பேர் எடுத்திருந்த காலம். நம் பண்ணையாருக்கு வயிறு எரிந்ததில் ஆச்சரியமில்லை.

சர்க்கரை பார்ப்பது ஒன்றும் மாயமில்லை. நீல மருந்தில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். சர்க்கரை இருந்தால் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். பண்ணையாருடையது நீலமாகவே நின்றது.

"சக்கரை இல்லீங்கய்யா. மலத்தையும் ஒரு தடவ பாத்துடலாங்களா?"

"அதெல்லாம் இவனுக்குப் பாரு" என்று வண்டிக்காரர் அரியமுத்துவைக் காட்டினார். போன வாரம்தான் அரியமுத்துவுக்குக் குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு இருப்பதை நான் கண்டுபிடித்திருந்தேன். "கூலிக்காரன் வியாதியெல்லாம் என்கிட்ட ஏன் தேடற?"

மூன்றாம் நாள் அரியமுத்து பண்ணையாரின் மூத்திரத்தை இன்னொரு சீசாவில் கொண்டுவந்தார். தக்கையைச் சுற்றி எறும்பு. சீசாவை மேஜைமேல் வைத்தால் மேஜையெல்லாம் எறும்பு. அவசரமாகக் கொதிக்கவைத்தேன். நீலம். மறுபடி செய்தேன். மறுபடியும் நீலம்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். மொய்த்த எறும்பையும் பார்த்தார், நீலக் குழாயையும் பார்த்தார்.

"மேரி, எறும்புக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலியா? ஏற்கெனவே அவர் உன்னைப் பத்திக் குறை சொல்லி ஆள் அனுப்பிட்டார். சக்கரை பாக்கவே தெரியாத பொண்ணுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? திங்கக்கிழமை அவர் வரார். அதுக்குள்ள இதைச் சரியாச் செஞ்சு காட்டு."

எனக்கு வந்த கோபத்தில் ஸ்பிரிட் விளக்கு இல்லாமலே தண்ணீர் கொதித்திருக்கும். கோபம் அடங்கியதும் அழுகை வந்தது. திருச்சி கைநழுவிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. நீல மருந்து கெட்டுவிட்டதோ என்று குளுகோஸ் கரைத்துப் போட்டுப் பார்த்தேன். உடனே செங்கல் நிறமானது. மருந்து சரி, என் கையும் சரி. அப்படியானால் எறும்பு பொய் சொல்கிறதா?

எறும்பு எதற்குப் பொய் சொல்லப் போகிறது? பொய் சொல்வதெல்லாம் மனிதர்கள்தான். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. என் வாரத்து ரேஷன் சர்க்கரை ஒரு சின்ன டப்பாவில் இருந்தது. காப்பிக்கு இரண்டு வேளைக்குத்தான் காணும். மனசைக் கல்லாக்கிக்கொண்டு அதைத் தண்ணீரில் கரைத்தேன். ஒரு சொட்டை மேஜையில் விட்டதும் எறும்பு ஓடிவந்தது. நீல மருந்தில் விட்டுக் கொதிக்கவைத்தேன். நீலம்!

டாக்டரின் தடிப் புத்தகத்தைப் புரட்டினேன். உடம்பில் ஊறும் சர்க்கரை வேறு, கரும்புச் சர்க்கரை வேறு. கரும்புச் சர்க்கரை நீல மருந்துக்கு மசியாது. ஆசிட் விட்டுக் கொதிக்கவைத்து, சோடா உப்பால் அந்த ஆசிடை முறித்துவிட்டால்தான் மசியும்.

திங்கட்கிழமை டாக்டர், பண்ணையார், அரியமுத்து மூவரும் நிற்க, இரண்டு குழாய்களை எடுத்தேன். ஒன்றில் பண்ணையார் அன்று புதிதாகக் கொண்டுவந்தது. மற்றதில் அரியமுத்து கொடுத்தது. முதலில் அப்படியே சோதித்தேன். இரண்டும் நீலம். பண்ணையார் டாக்டரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு இரண்டிலும் ஆசிட் விட்டு, கொதிக்கவைத்து, சோடா போட்டு, மறுபடி சோதித்தேன். அரியமுத்துவினுடையது நீலமாகவே இருந்தது. பண்ணையாருடையது செக்கச்செவேலென்று செங்கல் ஆனது.

"பாத்தியா! சக்கரை!" என்று பண்ணையார் துள்ளினார்.

"ஆமாங்கய்யா, சக்கரைதான். ஆனா இது கடைச் சக்கரை. மனுஷன் ஒடம்புல ஊறாது. கரண்டியில அள்ளிப் போட்டாத்தான் வரும்."

டாக்டர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. பண்ணையார் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"அப்ப தலசுத்தல் பொய்யா?" என்றார் சின்னக் குரலில். அதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் போய்விட்டது. பாவம், அவர் நிஜமாகவே வெளுத்துப்போயிருந்தார்.

மறுநாள் பண்ணையாரின் வெற்றிலைப் பெட்டிக்குள், நான் முதலில் கேட்ட மலம் ஒரு தீப்பெட்டியில் ஒளிந்து வந்தது. அதிலிருந்து ஒரு பொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. கொக்கிப்புழு முட்டைகள், கொள்ளை கொள்ளையாக. பண்ணையார் வயலில் செருப்போடு இறங்கமாட்டார், மண்ணுக்கு மரியாதை. அதே மண்ணில் வெறுங்காலோடு நின்ற அரியமுத்துவின் உள்ளங்கால் வழியே ஏறிய புழுவுக்குப் பண்ணையார் யார் என்று தெரியவில்லை.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்றேன்.

டாக்டர் பார்த்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து என் சர்டிபிகேட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மருந்து குடிக்கும் நாளில் பண்ணையாருக்குத் தனி நாற்காலி இல்லை. அரியமுத்துவுக்கும் அன்று இரண்டாவது தடவை மருந்து. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், கையில் ஒரே மாதிரிக் குவளையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ரொம்பக் கொமட்டுமாடா?" என்று கேட்டார் பண்ணையார்.

"ஆமாங்க. குடிச்சதும் ஒரு கிள்ளு சக்கரை வாயில போட்டுக்கிட்டா தாங்கிக்கலாம். நம்மகிட்ட ஏதுங்க சக்கரை?" என்றார் அரியமுத்து.

பண்ணையார் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, என் சர்டிபிகேட்டை இன்னொரு முறை படித்தேன்.