முப்பத்தோராயிரம் பிளேட்லெட்

எங்கள் உறவில் யார் ரத்தப் பரிசோதனை செய்தாலும் ரிப்போர்ட் முதலில் என் போனுக்குத்தான் வரும். டாக்டரிடம் அப்புறம்தான் போவார்கள். சித்தப்பாவின் ஹீமோகுளோபின், ஓர்ப்படியின் ஈசினோபில், எதிர்வீட்டு அக்காவுடைய மருமகளின் ஃபெரிட்டின் என்று ஒன்று பாக்கி இல்லை. நான் ஆஸ்பத்திரி லேபில் இருபத்திரண்டு வருடமாக ரத்த அணுக்களை எண்ணுகிறவள், டாக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். "அதெல்லாம் இருக்கட்டும், எம்.சி.வி. கம்மின்னு போட்டிருக்கே, பயப்படணுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லு" என்பார்கள். ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாக நின்று, பயப்பட வேண்டாம் என்று சொல்லுவேன்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்தவர். எதையும் ரோட்டுக்குக் கொண்டுவந்தால்தான் அவருக்கு விளங்கும். "சிவப்பணு சரக்கு லாரி. வெள்ளையணு போலீஸ். பிளேட்லெட் பஞ்சர் ஒட்டுறவன். சரியா?" என்பார். அனீமியா என்றால் லாரிப் பற்றாக்குறை. லுக்கேமியா என்றால் போலீஸ் உடுப்பு மாட்டிக்கொண்ட ரௌடிகள் ஊருக்குள் பெருகிவிட்டார்கள் என்று அர்த்தம். இதை அவரே கண்டுபிடித்தார். எங்கள் லேபின் பெரிய டாக்டரம்மாவிடம் சொன்னேன், வகுப்பில் சொல்லப்போவதாகச் சொல்லிச் சிரித்தார்.

என் வீட்டுக்காரருக்கு வந்தது ரத்த வியாதி இல்லை. இரண்டு கிட்னியும் ஒன்றாகச் சேர்ந்து வேலையை விட்டுவிட்டன. மூன்று வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நான் காலையில் அவரை அந்தப் படுக்கையில் விட்டுவிட்டு, இரண்டு மாடி இறங்கி என் லேபுக்குப் போவேன். ஷிப்டு முடிந்ததும் மேலே ஏறி அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். வீட்டில் சமையல், துணி, அவருக்கு அளந்து தர வேண்டிய தண்ணீர். எப்போது கடைசியாகக் களைப்பு இல்லாமல் எழுந்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஒரு கிட்னி கிடைத்தால் அவர் பிழைப்பார். காத்திருப்போர் பட்டியலில் எங்கள் முறை வர எத்தனை வருடம் ஆகும் என்று டாக்டர் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். என்னுடையதைக் கொடுக்கலாம் என்றால் நான் பி குரூப், அவர் ஓ. ஓ என்பது எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்கும், தனக்கு மட்டும் ஓவிடமிருந்துதான் வாங்கும். அந்த ரத்தமும் அவரைப் போலத்தான். வீட்டில் இன்னொரு ஓ என் நாத்தனார், அவருடைய அக்கா.

நாத்தனாருக்கு அவர் வைத்த பெயர் ஜட்ஜம்மா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தையல் கம்பெனியில் நாற்பது பேரை மேய்க்கும் சூப்பர்வைசர். எதைப் பார்த்தாலும் ஒரு தீர்ப்பு வரும். என் சாம்பாருக்கும் ஒரு தீர்ப்பு உண்டு, என் திரைச்சீலைக்கும் ஒரு தீர்ப்பு உண்டு. கணவர் இல்லை, காலேஜில் படிக்கும் ஒரே மகள். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அடுத்து என்ன என்று பேசிக்கொண்டிருந்த அன்று, சித்தப்பா அண்ணியின் முகத்தைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். "ஏன் எல்லாரும் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க? நான் இருக்கேன்ல" என்றார் அண்ணி. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரைத் தனியாக யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்று மாதம் டெஸ்ட் மேல் டெஸ்ட். எல்லாம் பாஸ். கடைசியாக ஒரு ரத்த எண்ணிக்கை மட்டும் பாக்கி.

லேபில் ஒரு விதி உண்டு. பிளேட்லெட் ஐம்பதாயிரத்துக்குக் கீழே போனால் மெஷின் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. அதே ரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடி ஸ்லைடில் இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் கண்ணால் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஊதா மூடி டியூபுக்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து இருக்கிறது. ஆயிரத்தில் ஒருவருக்கு அந்த மருந்து பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஈரம் பட்ட மாவு கட்டிதட்டுவது போல. மெஷினுக்குக் கட்டியை எண்ணத் தெரியாது, ஆளே இல்லை என்று சொல்லிவிடும். உடம்புக்குள் எல்லாம் நிறைவாக இருக்கும், டியூபுக்குள் மட்டும் பஞ்சம். சூடோ த்ராம்போசைட்டோபீனியா என்று வாய் வலிக்கிற பெயர். தமிழில் சொன்னால் பொய்ப் பற்றாக்குறை. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரமே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. ஊருக்குத்தான் உபதேசம்.

அது காய்ச்சல் சீசன். ரேக் ரேக்காக டியூப் வந்தது, மூன்றில் ஒன்றுக்குப் பிளேட்லெட் குறைவு. மாலை ஷிப்டுக்கு வர வேண்டியவளும் காய்ச்சலில் படுத்துவிட்டதால் நானே தொடர்ந்து நின்றேன். ஐம்பதாயிரத்துக்குக் கீழே வந்தவை அன்று இருபத்து மூன்று. பதினேழை ஒழுங்காகப் பார்த்தேன். பதினேழும் நிஜமான குறைவு. அதற்கு மேல் கண் எரிந்தது, இடுப்பு விட்டுப் போனது, மேலே அவர் டயாலிசிஸ் முடிந்து எனக்காக நாற்காலியில் காத்திருந்தார். மீதி ஆறுக்கும் ஸ்லைடு போட்டேன், சாயம் ஏற்றினேன், பெட்டியில் அடுக்கினேன். மைக்ரோஸ்கோப் பக்கம் மட்டும் போகவில்லை. "ஸ்லைடில் பார்த்து உறுதி செய்யப்பட்டது" என்ற கட்டத்தில் ஆறு டிக் போட்டுவிட்டு மாடி ஏறினேன். டியூபில் எங்களுக்குத் தெரிவது நம்பர்தான், பெயர் இல்லை.

மறுநாள் கிட்னி டாக்டர் அண்ணியைக் கூப்பிட்டார். பிளேட்லெட் முப்பத்தோராயிரம். ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். இந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது, ஆபரேஷன் பேச்சே வேண்டாம் என்றார். மறுபடி எடுத்துப் பார்த்தார்கள், மறுபடியும் ஊதா மூடியில்தான். முப்பத்து மூவாயிரம். ஒருமுறை ஸ்லைடில் உறுதியானதை ஒரு வாரத்துக்குள் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை என்று இன்னொரு விதி இருக்கிறது. காலை ஷிப்டுக்காரர், யாரோ போட்ட டிக்கை நம்பி விட்டுவிட்டார். உடம்பே தன் பிளேட்லெட்டை அழிக்கிற ஐ.டி.பி.யாக இருக்கலாம், எலும்பு மஜ்ஜையிலேயே கோளாறாகவும் இருக்கலாம் என்று சொல்லி, மஜ்ஜையில் ஊசி போட்டு எடுக்கத் தேதி குறித்தார்கள்.

அண்ணி எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அழுதார். அதே பத்துப் பேர் அவரைத் தேற்றினார்கள். நானும் தேற்றினேன், உள்ளே போய்க் குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காக அழுதேன். பட்ட காலிலேயே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பத்தாம் நாள் கிட்னி டாக்டர் என்னை வராந்தாவில் நிறுத்தினார். "மஜ்ஜை டெஸ்ட்டுக்கு முன்னாடி அந்த ஸ்லைடை இன்னொரு தடவ பாத்துடுங்களேன். வேற செல் ஏதாவது கண்ல படுதான்னு" என்று ஃபைலை நீட்டினார். ரிப்போர்ட்டின் அடியில் என் இனிஷியல் இருந்தது. தேதியையும் நேரத்தையும் பார்த்தேன். நேராக லேபுக்கு இறங்கினேன்.

பெட்டியில் ஸ்லைடு இருந்தது. ஸ்லைடின் ஓரத்தை லென்ஸுக்கு அடியில் நகர்த்தியதுமே தெரிந்தது. கொத்துக் கொத்தாக ஊதாக் கட்டிகள், ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது பிளேட்லெட். பயிற்சிக்கு வந்தவர்கூட அரை நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். என் வீட்டுக்காரர் பிழைத்துவிட்டார் என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம்தான் ரிப்போர்ட்டின் அடியில் இருந்த என் இனிஷியல் ஞாபகம் வந்தது.

பெரிய டாக்டரம்மாவிடம் போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் மற்ற ஐந்து ஸ்லைடையும் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாகத் தானே பார்த்தார். ஐந்தும் நிஜக் குறைவு.

"பாக்காம டிக் போட்டது இது எத்தனாவது தடவை?" என்று கேட்டார்.

"தெரியல டாக்டர்" என்றேன்.

இதுதான் முதல் தடவை என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு மெமோ வந்தது, மூன்று மாதம் எந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று. அன்றைக்கே அண்ணியை வரவழைத்து நீல மூடி டியூபில் ரத்தம் எடுத்தார்கள். அதில் வேறு மருந்து, அது யாரையும் கட்டிதட்ட வைக்கவில்லை. இரண்டு லட்சத்து இருபத்து நாலாயிரம். வீட்டில் சொல்வதற்குமுன் டாக்டர் அண்ணியிடம் பேசட்டும் என்று நான் அன்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். எப்படிக் கட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் மதியம் அண்ணி லேப் வாசலுக்கு வந்தார். கிட்னி டாக்டரிடம் தனியாகப் பேசிவிட்டு நேராக இறங்கி வந்திருக்கிறார். டியூப் பெட்டிகள் அடுக்கும் ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப்போய் ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார வைத்தேன். நான் அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தேன்.

"அண்ணி, எல்லாம் என் தப்பு. பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். பத்து நாள் உங்கள சாகடிச்சிட்டேன். என்ன மன்னிச்சிடுங்க."

"சாகடிச்சியா?" என்றார் அண்ணி. குரலில் ஜட்ஜம்மா இல்லை. "இந்தப் பத்து நாள்தான்டி நான் நல்லாத் தூங்கினேன். ஏதோ பெரிய வியாதின்னு சொல்றாங்க, மஜ்ஜைல ஊசி போடணும்கறாங்க, எனக்கு என்னடான்னா படுத்தா தூக்கம் வருது. அதுக்கு முன்னாடி மூணு மாசம் கண்ணு மூடல."

அண்ணி கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"எனக்குப் பயமா இருக்கு. நான் போயிட்டா என் பொண்ணுக்கு யாரு? அன்னிக்குப் பத்துப் பேரும் என் மூஞ்சியப் பாத்தீங்க. எப்படி மாட்டேன்னு சொல்லுவேன்? டாக்டர் இன்னிக்குக் கதவச் சாத்திட்டு, மனசார ஒத்துக்கிறீங்களாம்மான்னு கேட்டாரு. என்ன அப்படிக் கேட்ட மொத ஆளு அவருதான். இல்ல சார்னு சொல்லிட்டேன்."

"சரி அண்ணி" என்று என் வாய் சொன்னது. உள்ளே கொதித்தது. மூன்று வருடமாக நான் மாடி ஏறி இறங்குகிறேன், இந்த அம்மாவுக்குத் தூக்கம் போச்சாம் என்று நினைத்தேன். வெறுப்புதான் அது, வேறு பெயர் சொல்ல மாட்டேன். கூடவே பொறாமையும் இருந்தது. முடியாது என்று ஒருவர் சொல்லிவிட முடியும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

"தானம் குடுக்கத் தகுதியில்லன்னு மட்டும் எழுதிடுவாங்களாம். காரணம் யாருக்கும் சொல்ல மாட்டாங்களாம். ஆனா தம்பி உன்னத்தானே கேப்பான்?" அண்ணி என் கையைப் பிடித்தார். "அவனுக்கு அந்த முப்பத்தோராயிரமே இருக்கட்டும்டி. நீ சொன்னா நம்புவான். நான் மாட்டேன்னேன்னு தெரிஞ்சா அவன் மூஞ்சில முழிக்க முடியாது என்னால."

நான் கையை உருவிக்கொள்ளவில்லை. எத்தனை யோசித்தாலும் அந்தக் கிட்னி அண்ணியுடையது. என் களைப்புக்கு நான் ஒரு பொய் டிக் போட்டுக்கொண்டேன், அவர் பயத்துக்கு ஒன்று கேட்கிறார். எந்த முகத்தோடு மறுப்பேன்? சண்டை போடவும் தெம்பு இல்லை. சரி என்று தலையாட்டினேன், முகத்தைக் கழுவிக்கொண்டு மேலே போனேன்.

அவர் டயாலிசிஸ் முடிந்து, கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "அக்காவ இன்னிக்குக் கூப்பிட்டிருந்தாங்களாமே, என்ன சொன்னாங்க?" என்றார்.

"பிளேட்லெட் ஏறலங்க. அப்படியேதான் இருக்கு. இனிமே அண்ணியால குடுக்க முடியாது."

"எதனாலயாம்?"

சொன்னேன். ஐ.டி.பி. என்றால் என்ன, மண்ணீரல் என்ன செய்யும், மாத்திரை என்ன, எதற்காக மஜ்ஜை டெஸ்ட் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்கள், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வியாதியை நான் இவ்வளவு தெளிவாக யாருக்கும் விளக்கியதில்லை. அவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பஞ்சை எடுத்துப் பார்த்தேன், ரத்தம் நின்றிருந்தது. பிளாஸ்டர் ஒட்டினேன்.

"ரொம்பக் கொறஞ்சா பிளேட்லெட் ஏத்துவாங்கல்ல?" என்றார்.

"ஏத்துவாங்க."

"நானும் ஓ, அவளும் ஓ. என்னோடதுல எடுத்துக்கச் சொல்லேன். மிஷின்ல போட்டுத்தான் எடுக்கறாங்க, அப்படியே கொஞ்சம் அவளுக்குன்னு ஒதுக்கிட்டாப் போச்சு. எனக்காக வந்துதானே அவளுக்கு இதெல்லாம் தெரிய வந்துச்சு. கேட்டுச் சொல்றியா?"

"டயாலிசிஸ்ல இருக்கீங்கல்ல, உங்க ரத்தத்த யாருக்கும் ஏத்த மாட்டாங்கங்க" என்றேன். அன்று அவரிடம் நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அதைக் கேட்டுத்தான் மூன்று வருடத்தில் முதல் முறையாக அவர் அழுதார்.