கட்டி வைத்த பை

மில்லில் துப்பாக்கிச்சூடு நடந்த தேதி வருடா வருடம் வந்தால் போதும், கலாட்டா செய்வார் என்று முந்தின நாளே என் வீட்டுக்காரரைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போய்விடும். துண்டு, சோப்பு, மாத்திரையோடு நானே பை கட்டி வைப்பேன். இந்த வருடமும் ஏட்டு வந்தார்.

“கூட்டிட்டுப் போய்த் தொலைங்க!” என்று பையை நீட்டினேன்.

“இல்லக்கா, இந்தத் தடவை யாரையும் பிடிக்க வேணாம்னு உத்தரவு. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

“வயித்துல பால வார்த்தீங்க!” துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன்.

என் வீட்டுக்காரரோ தையல் மெஷினை விட்டு எழாமல் விழித்தார். துப்பாக்கிச்சூட்டில் செத்தவர்களின் நினைவுக்கல் மில்லுக்குள் இருக்கிறது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் ஊரை உள்ளே விடுவார்கள். அவர் அதைப் பார்த்ததே இல்லை.

“எங்க அண்ணன் பேரு அந்தக் கல்லுல எங்க இருக்கு?” என்று ஏட்டையே கேட்டார்.

“அடியில, இடது பக்கம். வருஷா வருஷம் அதுக்குப் பக்கத்துலதானே காவல் நிக்கிறேன்? நாளைக்கு வாங்கண்ணே, காட்டுறேன்.”