அடம்பங்கொடியைப் பிடுங்கிய ஞாயிறு

பங்குனி மாதத்து முதல் ஞாயிறன்று, இராயபுரம் மாலை வகுப்பில் படிக்கும் நாங்கள் ஒன்பது பேர் கடற்கரைத் திடலில் படர்ந்திருந்த அடம்பங்கொடியை வேரோடு பிடுங்கிக் கொளுத்தினோம். பிடுங்கவேண்டும் என்று திட்டத்தில் எழுதியவன் நான்.

திடலுக்கு மேற்கே எங்கள் தெரு. வடக்கே மீனவர் குப்பம். திடலில் கரி குவித்து வைக்க ஒரு காண்ட்ராக்டர் அனுமதி கேட்டிருந்தார். அதற்குள் என் வகுப்புத் தோழன் ரகுபதி, "எங்களிடம் விடுங்கள், பூங்கா ஆக்குகிறோம்" என்று மனு எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டான். மூன்றாவது ஞாயிறன்று கார்ப்பரேஷன் இன்ஸ்பெக்டர் பார்க்க வருவார், இடம் திருந்தியிருந்தால் எங்களுக்கு, இல்லாவிட்டால் கரிக்கு என்று பதில் வந்தது.

துறைமுகத்தில் நான் மூட்டைகளுக்கு அடையாளம் எழுதுகிறவன். எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்குக் கை ஓடும். குப்பை அகற்றுதல், களை எடுத்தல், தெருப் பக்கம் புங்கங்கன்று நடுதல் என்று எழுதிக் கொடுத்தேன். எது களை என்று ஒருவரையும் கேட்கவில்லை. யாரும் நடாமல் முளைப்பது களை. அவ்வளவுதான் நான் அறிந்தது.

அன்று மாலை மீன் விற்றுத் திரும்பிய அங்கம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். திடலை ஒட்டிய முதல் குடிசை அவளுடையது.

"இன்னா நைனா, திருத்தணிக்கு இட்டுகினு போயி தரைக்கு மொட்ட அட்ச்சிட்டீங்களா?"

"சந்தனம் பூசறதுதான் பாக்கி அக்கா" என்றான் ரகுபதி.

"நீ இன்னாத்துக்குப் பூசறே? காத்து வந்து எங்களுக்குப் பூசும்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

இரண்டாவது வாரத்துப் புதன்கிழமை தென்காற்று எழுந்தது. மறுநாள் வேலை முடிந்து கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். அங்கம்மாவின் கதவை மணல் பாதிவரை மூடியிருந்தது. அவள் ஓலைக்கீற்றால் மணலை வாரிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் மகள் சிவந்தி, பிறந்து பதினொரு நாளான குழந்தையின் முகத்தை ஈரத்துணியால் மூடியபடி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"கொடி இருந்தப்போ மணலு அங்கியே குந்திகினு இருந்துச்சி. இப்போ எங்கூட்டாண்ட வந்து குந்திகினு கீது. பச்ச கொயந்த, கண்ண தொறக்க முடியல. யார்யா புடுங்கச் சொன்னது?"

"நாங்கதான்" என்றேன். ஒன்பது பேருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

வகுப்புக்குப் போய் ரகுபதியிடம் விஷயத்தைச் சொன்னேன். கொடியை உடனே திரும்ப நடவேண்டும் என்றேன்.

"இன்னும் மூணு நாள்ல இன்ஸ்பெக்டர் வராரு. காஞ்ச கொடிய பாத்தா காடுன்னு எய்திட்டுப் போயிடுவாரு. ஞாயிறு கயியட்டும் மாமு. திங்கக்கெயம நானே வந்து நடறேன்."

"குழந்தை?"

"கரி வந்தா அதே கொயந்த வருசம் பூரா கரியத்தான் முயுங்கும். அத்த யோசிச்சியா?"

நான் யோசித்திருக்கவில்லை. அவன் சொன்னதில் தவறு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகாமல் திருவொற்றியூர்க் கரைக்கு நடந்தேன். அங்கே கொடி தழைத்துக் கிடந்தது. ஓரிடத்தில் மொத்தமாக எடுக்காமல், இங்கொன்றும் அங்கொன்றுமாக அறுத்துக் கட்டித் தூக்கி வந்தேன். அன்றும் சனிக்கிழமையும் இருட்டும்வரை, குடிசைக்கு முன்னால் காற்றுக்குக் குறுக்கே கொடியைக் கணுக் கணுவாக வெட்டி வரிசை வரிசையாகப் புதைத்தேன். ரகுபதி ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனான்.

ஞாயிறு காலை இன்ஸ்பெக்டர் வந்தார். வாடிய இலைகளைச் செருப்பு முனையால் புரட்டினார்.

"இதுவா பூங்கா?"

ரகுபதி என்னைப் பார்த்தான். "இருந்த கொடியைத் தவறாகப் பிடுங்கிவிட்டோம், சார். திட்டம் எழுதியவன் நான். அது இல்லாமல் மணல் அந்த வீட்டுக்குள் போகிறது" என்றேன்.

வாசலில் நின்றிருந்த அங்கம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. "நீதானா அது? அன்னிக்கே சொல்லியிருந்தா நாலு திட்டு திட்டிட்டு நடறதுக்கு நானும் கூட வந்திருப்பேனே! தனியா குந்திகினு நண்டு மாதிரி நோண்டிகினு இருந்தியே!"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. குடிசைக்குள் எட்டிப் பார்த்தார். திடலின் நீளத்தைக் காலடியால் அளந்தார். ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. குப்பத்துப் பக்கத்துப் பாதி அப்படியே இருக்கலாம். தெருப் பக்கத்துப் பாதி கரிக்கு.

தெருப் பக்கம்தான் எங்கள் புங்கங்கன்றுகள் இருந்தன. வண்டிகள் வந்த முதல் நாளே அவை போயின. எங்களிடம் எஞ்சியதைப் பூங்கா என்று யாரும் சொல்லமாட்டார்கள். திங்கள்வரை பொறுத்திருந்தால் முழுத் திடலும் கிடைத்திருக்குமோ என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன். மூன்று நாள் மணலா, வருஷக்கணக்கில் கரியா என்று ரகுபதி கேட்பான் என்று நினைத்தேன். அவன் கேட்கவில்லை. வகுப்பில் வேறு பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தான்.

சித்திரை இரண்டாம் ஞாயிறன்று போய்ப் பார்த்தபோது, நான் நட்டதில் பாதிக்கு மேல் காய்ந்திருந்தது. மற்றவை வேர் பிடித்துப் புதுக் கொழுந்து விட்டிருந்தன. காய்ந்த இடங்களில் மறுபடி நட உட்கார்ந்தேன். சிறிது நேரம் கழித்து வரிசையின் மறுமுனையில் யாரோ மணலைத் தோண்டும் ஓசை கேட்டது. ரகுபதி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கணுவைப் புதைத்துக்கொண்டிருந்தான். என் கட்டிலிருந்து பாதிக் கொடியை எடுத்துப் போய் அவன் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.